மலையில் வெட்டியது கடலில் கலங்குகிறது: பினாங்கு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஜெலுத்தோங்

மலேசியாவின் பினாங்கில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "பசியாறியாச்சா?" என்பதுதான். விமான நிலையத்துக்கு வந்த தம்பி கேட்டான். வாசலில் நின்ற சின்னம்மா கேட்டார். லிஃப்டில் கூட ஏறிய பக்கத்து வீட்டுப் பெரியவர், என்னை முன்பின் பார்த்திராதவர், அவரும் கேட்டார். இல்லை என்றால் கையோடு கூட்டிப்போய்ச் சோறு போட்டுவிடுவார் என்று தோன்றியது.

சின்னம்மா என் அம்மாவின் சித்தப்பா மகள். அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இங்கே வந்து இறங்கியவர். நான் நாகையில் ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றுச்சூழல் நீதியைப் புவியியல் வழியாகப் படிப்பது பற்றி இங்கே ஒரு பயிற்சிப் பட்டறை. அது முடிந்ததும் வார இறுதிவரை தங்கிச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. அழுக்கும் ஆபத்தும் யார் வாசலுக்குப் போகின்றன, நன்மை யாருக்குப் போகிறது, முடிவெடுக்கும்போது யாரைக் கேட்டார்கள்? இந்தப் பாடத்தின் சாரம் இந்த மூன்று கேள்விகள்தான். வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். ஓர் ஊரைக் காலால் நடந்து பார்த்துக் கேட்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

வீடு பன்னிரண்டாம் மாடி. அடுப்படிச் சன்னலைத் திறந்தால் கடலோர விரைவுச் சாலை, அதற்கு அப்பால் புல் முளைத்த நீண்ட மேடு, மேட்டின் மேல் ஊர்ந்துபோகும் லாரிகள், அப்புறம் கடல். மேடு முழுக்கக் குப்பை. வீட்டுக் குப்பை கொட்டுவதை நிறுத்திய பிறகும் கட்டட இடிபாடும் தோட்டக் கழிவும் அங்கேதான் வந்தன. 2020 ஆகஸ்டில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது.

"கொரோனாவுக்கு வாங்குன முகமூடிய வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டுக் கெடந்தோம்" என்றார் சின்னம்மா. "சன்னலத் தொறந்தா புகை, மூடினா புழுக்கம். எதத் தேர்ந்தெடுக்கிறது?"

இரவு கானாங்கெளுத்திக் குழம்பு. இங்கே கெம்போங் மீன் என்கிறார்கள். கூடவே பெலாச்சான் என்கிற இறால் விழுது போட்டு வதக்கிய கங்கோங் கீரை. புளி நம் ஊர்ப் பக்குவம், காரம் இந்த ஊர்ப் பக்குவம். மூன்று முறை சோறு வாங்கினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள். பட்டறை

வெளியே 33 டிகிரி, அறைக்குள் பனி பெய்யாத குறை. எல்லோரும் துப்பட்டாவையும் துண்டையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்து தொடங்கினார்கள். 1979இல் கறுப்பர் குடியிருப்பு ஒன்றுக்குப் பக்கத்தில் குப்பைக்கிடங்கு வருவதை எதிர்த்து ஒரு பெண் வழக்கறிஞர் வழக்குப் போட்டார். அவருடைய கணவர் ராபர்ட் புல்லார்ட் சமூகவியலாளர். வழக்குக்குச் சான்று தேடி, நகரின் கிடங்குகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார். ஹூஸ்டன் மக்களில் கறுப்பர்கள் நாலில் ஒரு பங்குதான். ஆனால் மாநகராட்சியின் 5 குப்பைக்கிடங்குகளும் அவர்கள் பகுதியில் இருந்தன. 8 எரியுலைகளில் 6 அங்கேதான். வழக்கு தோற்றது, வரைபடம் நிலைத்தது. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் நச்சு மண்ணைக் கொட்ட வந்த லாரிகளை மறித்து மக்கள் சாலையில் படுத்ததும் இதே வரிசையில் வருகிறது. அதில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

அப்புறம் எங்களுக்குப் பயிற்சி. பினாங்கின் குப்பையெல்லாம் போய்ச் சேர்கிற புலாவ் பூரோங் கிடங்கைக் கணினி வரைபடத்தில் நடுவில் வைத்து, சுற்றி 3 கிலோமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். போட்டோம். வட்டத்துக்குள் பெரும்பாலும் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம், அலையாத்திக் காடு, கடல். ஆள் குறைவு. ஆள் குறைவென்றால் பாதிப்பும் குறைவு என்று கணினி பச்சை நிறம் காட்டியது.

எங்கள் மேசையில் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அதுவரை வாயே திறக்கவில்லை. "மேடம், அந்த ஆத்துல வலை போடுறவங்க ராத்திரி வேற ஊர்ல போய்த்தானே படுக்கிறாங்க? அவங்க இந்த வட்டத்துல எங்க வருவாங்க?" என்று கேட்டார். வரமாட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கு மனிதனை அவன் தூங்கும் இடத்தில் வைத்து எண்ணுகிறது. இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும் இவ்வளவு நேராக நான் இதை யோசித்ததில்லை. மிச்சப் பயணம் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் நடந்தேன்.

பிற்பகலில் லாரா புலிடோ என்ற புவியியலாளர் 2000இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எழுதியதை எடுத்தார்கள். கிடங்கை அங்கே வைத்தவர் மனதில் என்ன இருந்தது என்பதோடு நிறுத்தக்கூடாது என்கிறார் அவர். நல்ல காற்றுள்ள புறநகருக்கு யார் போக முடிந்தது, ஆலை ஓரத்திலேயே யார் தங்க நேர்ந்தது என்கிற நீண்ட வரலாற்றையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறார். இந்த ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது.

மதியம் நாசி கண்டார். கோழி, வெண்டைக்காய், மூன்று குழம்பைக் கலந்து ஊற்றியது, 13 வெள்ளி. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். பரிமாறியவர் ராமநாதபுரம் பக்கம். என் பேச்சைக் கேட்டதும் கேட்காமலே ஒரு மீன் துண்டு வைத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய். கெலுகோர், பாயா தெருபோங்

பேருந்தில் மீதிச் சில்லறை தரமாட்டார்கள். கையில் 10 வெள்ளித் தாள்தான். ஓட்டுநர் கையை விரித்தார், பின்னால் வரிசை நின்றது. பின்னால் நின்ற சீனப் பாட்டி ஒருவர் தன் பையைத் துழாவி, காசுகளை எண்ணிப் பெட்டியில் எனக்காகப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய் உட்கார்ந்தார். இறங்கும்போது தாளை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார்.

கெலுகோரில் நான் பார்க்கப் போனது இப்போது இல்லாத ஓர் ஊரை. கம்போங் புவா பாலா. ஜாதிக்காயின் பெயரில் அமைந்த தமிழர் கிராமம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் குடும்பத்துக்குக் கெலுகோரில் ஜாதிக்காய்த் தோட்டம் இருந்தது. 1860 வாக்கில் நோய் விழுந்து பினாங்கின் ஜாதிக்காய் மரங்கள் அழிந்தன. அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்களின் வாரிசுகள் நாங்கள் என்று சொன்ன குடும்பங்கள் அங்கே மாடு வளர்த்து, பால் ஊற்றி, தலைமுறைகளாக இருந்தார்கள். காகிதத்தில் அது அரசு நிலம். முந்தைய மாநில அரசின் காலத்தில் அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கைக்குப் போனது. 2008 தேர்தலில் ஆட்சி மாறியும் அது மாறவில்லை. மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். 2009 செப்டம்பரில் இயந்திரங்கள் வந்து வீடுகளை இடித்தன. சிலர் மாற்று வீட்டை ஏற்றுக்கொண்டார்கள், சிலர் கடைசிவரை மறுத்தார்கள்.

இப்போது அங்கே உயரமான குடியிருப்பு. காவலுக்கு நின்ற நேப்பாள இளைஞர் என்னை உள்ளே விடவில்லை, ஆனால் நிழலில் நிற்கச் சொன்னார். சற்றுத் தள்ளி ஓர் ஒட்டுக்கடை. பருப்பு வடை 2 வெள்ளிக்கு மூன்று. கடைக்கார அக்கா சிறுமியாக இருந்தபோது அந்தக் கிராமத்திலிருந்து பால் வாங்கியவர்.

"சாணி நாத்தம்னு மூக்கப் பொத்துனவங்களும் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா எவ்ளோ மரம் தெரியுமா? எவ்ளோ மழை பேஞ்சாலும் தண்ணி அங்கயே எறங்கிரும். மாட்டுப் பொங்கலுக்குத் தீவே அங்கதான் நிக்கும்."

புல்வெளியும் மரமும் மாடும் இருந்த ஓர் இடத்தைப் பாதுகாத்தவர்களை, பட்டா இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆக்கிரமிப்பாளர்கள் என்றார்கள். நகரத்துக்குள் பசுமை வேண்டும் என்று அதற்கப்புறம் எத்தனை கூட்டம் போட்டிருப்பார்கள்! அந்தப் பசுமையை வைத்திருந்தவர்களுக்கு முதலில் நிலத்தை உறுதி செய்திருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அங்கிருந்து கிராப் என்ற செயலியில் பிடித்த வாடகைக் காரில் பாயா தெருபோங். ஓட்டுநர் தமிழர். மலையைப் பார்க்க வந்தேன் என்றதும், "எந்த மலக்கா? வெட்டுனதா, வெட்டாததா?" என்றார். சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலும், 25 பாகைக்கு மேல் சரிவான இடத்திலும் கட்டக்கூடாது என்று மாநிலத்தின் கட்டமைப்புத் திட்டம் சொல்கிறது. சிறப்புத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளம் ஒன்றில் சரிவு விழுந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த மாதம் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் தீவும், எதிர்க்கரையில் பினாங்கைச் சேர்ந்த நிலப்பகுதியும் மூழ்கி 7 பேர் போனார்கள். 2018 அக்டோபர் 19 அன்று இதே பாயா தெருபோங்கில், புக்கிட் குக்குஸ் சாலைப் பணியில் மண் சரிந்து 9 தொழிலாளர்கள். இந்த இரண்டு சரிவுகளிலும் இறந்தவர்களில் பெரும்பாலோர் வங்கதேசம், இந்தோனேசியா, மியான்மர் நாடுகளிலிருந்து வந்தவர்கள். வேலைத்தளத்தை ஒட்டிய கொங்சிக் கொட்டகைகளில் தங்குகிறவர்கள். வேலை முடிந்தால் கொட்டகையும் பிரித்துவிடப்படும். நேற்றைய வட்டத்தை இந்த மலையைச் சுற்றிப் போட்டிருந்தாலும் இவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

"மேல இருக்கிற வீட்டுக்குக் காட்சி நல்லாருக்கும்" என்றார் ஓட்டுநர். "கீழ இருக்கிற எங்களுக்குச் சேறு வரும். என் காடி ரெண்டு வாட்டி முங்கியிருக்கு." காடி என்றால் வண்டி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. சாலையோரக் கால்வாயில் தண்ணீர் கால் மணி நேரத்தில் தேநீர் நிறத்துக்கு வந்தது. படம் எடுக்க இறங்கினேன், குடை மடங்கிவிட்டது, தலை முதல் கால் வரை நனைந்தேன். அவர் இருக்கையில் துண்டு விரித்து உட்காரச் சொல்லி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

ஆகஸ்ட் 20, புதன். தெலுக் கும்பார்

காலையில் தும்மல். ஆனாலும் தெற்குக் கரைக்குப் போகாமல் இருக்க மனமில்லை. தம்பிக்கு இரவு வேலை முடிந்திருந்தது. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில்தான் வேலை. தூங்காமலே என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வழியில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரேக் ஒன்று, ஐந்து வெள்ளிக்குள் முடிந்தது.

விமான நிலையத்தைத் தாண்டினால் ஊரின் குரலே மாறிவிடுகிறது. தென்னை, தாழ்வான வீடுகள், வாசலில் காயும் வலை. பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார், கெர்தாக் சங்கூல் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள், கொஞ்சம் சீனர்கள். தம்பிக்குத் தெரிந்த ஒரு தமிழர் அங்கே படகு இயந்திரம் பழுது பார்க்கிறார். அவர்தான் எனக்கு மொழிபெயர்த்தார். கையெல்லாம் எண்ணெய். நான் நாகப்பட்டினம் என்றதும் கையைத் துடைத்துவிட்டு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். சுனாமி செய்தியில் கேட்ட பெயராம்.

கரையில் நின்றால் கடலுக்குள் மணல் தெரிகிறது. மூன்று தீவுகள், மொத்தம் 4,500 ஏக்கர் கடலை நிரப்பி உருவாக்குவது என்பது மாநில அரசின் முதல் திட்டம். நிரப்பிய நிலத்தை விற்று அந்தப் பணத்தில் ரயிலும் சாலையும் போடுவோம் என்றார்கள். 2019இல் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது. மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. வலை இழுக்கிறவர்கள் நிபுணர்களின் அறிக்கையை எதிர்த்து வென்ற நாள் அது. ஆனால் புதிய அறிக்கை வந்தது, புதிய ஒப்புதல் வந்தது. 2023இல் மூன்று தீவு ஒன்றாகச் சுருங்கியது. அந்த ஒன்று 2,300 ஏக்கர், பெயர் சிலிக்கான் தீவு. அதே ஆண்டு செப்டம்பரில் வேலை தொடங்கிவிட்டது.

இதில் என் மனதைப் போட்டு அரிக்கும் ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் பினாங்கு ரயில் திட்டத்தை மத்திய அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ரயிலுக்குப் பணம் வேண்டும், அதனால் கடலை நிரப்புகிறோம் என்ற காரணம் அன்றோடு பெரும்பகுதி போய்விட்டது. நிரப்புவது நிற்கவில்லை.

வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்த மலாய் மீனவர் அறுபது வயதுக்கு மேல் இருப்பார். தலை நிமிராமல் பேசினார், நம்மவர் தமிழில் சொன்னார். "இறால் இங்கே கரையோரச் சேற்றில்தான் வளரும். பெரிய கடல்ல இறால் தேட என் படகு போதாது. இப்ப சுத்திப் போகணும், பெட்ரோல் கூடுது. எங்கே வேலை செய்றேன்னு அதிகாரிங்க வந்து கேட்டாங்க. கையக் காட்டினேன். அந்த எடத்துல இப்ப மணல் நிக்குது."

இழப்பீடு கிடைத்ததா என்றேன். கிடைத்ததாம். அது படகுக்கும் ஆளுக்கும் போட்ட கணக்கு என்றார். பேரனுக்கு எதைக் காட்டுவது என்று ஒரு கணக்கும் யாரும் போடவில்லை.

பதிலுக்கு எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். 2004 சுனாமியில் பினாங்கில் 52 பேர், நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். அப்புறம் 2005இல் ஓர் அரசாணை வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் பழைய இடத்தை விட்டுக்கொடுத்தால் உள்ளே தள்ளிப் புது வீடு. வீடு நல்ல வீடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு அங்கிருந்து வலையைச் சுமந்து கரைக்கு வருவதும், படகை இரவில் யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையும் எந்தப் படிவத்திலும் இல்லை. நம்மவர் இதை மலாயில் சொல்லி முடித்ததும் பெரியவர் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பக்கத்துப் பலகையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

கடலுக்குக் கதவு எண் கிடையாது. அதனால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று வரைபடம் சொல்கிறது. ஆனால் இந்தப் பெரியவர் தன் வாழ்நாளின் விழித்திருந்த நேரத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருந்திருக்கிறார். எந்தப் பாறைக்குப் பக்கத்தில் என்ன மீன், எந்த மாதம் எந்த நீரோட்டம் என்று தெருப் பெயர் சொல்வதுபோலச் சொன்னார். நான் குறிப்பேட்டில் வரைய வரைய, அவர் விரலால் திருத்தினார். அந்தப் பக்கம் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வரைபடம். மேலே பள்ளி, மசூதி, கிணறு. கீழே, தாளின் முக்கால்வாசி இடத்தில், கடல்.

மதியம் அங்கேயே சாப்பாடு. சுட்ட மீன் ஒன்று, இறால் மீ ஒரு தட்டு, இருவருக்கும் 38 வெள்ளி. மீனுக்கு மாங்காயும் புளியும் சேர்த்த ஒரு தொக்கு கொடுத்தார்கள். மூக்கடைப்பு போய்விட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

காய்ச்சல். வெளியே போகவில்லை. சின்னம்மா மிளகு ரசம் வைத்து, நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டு, நாள் முழுக்கத் தன் தோட்டத்துக் காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நிபோங் திபால் பக்கம் பிறந்தவர். பதினான்கு வயதில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டப் போனவர். தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களாம். "வேல போனா வீடும் போச்சு. ரெண்டும் ஒரே சாவில கெடந்துச்சு" என்றார். நாளை தானும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி. புலாவ் பூரோங்

இரண்டாம் பாலம் வழியாகப் போனோம். 24 கிலோமீட்டர், 2014இல் திறந்தது. பாலத்தின் மேல் காற்று வண்டியை உலுக்குகிறது. தீவு பின்னால் போகப் போக அழகாகிக்கொண்டே வந்தது. மலை, மேகம், வெள்ளைக் கட்டடங்கள். அந்த அழகின் குப்பை நாள்தோறும் இதே நீரிணையைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போகிறது.

புலாவ் பூரோங் கிடங்கு பைராம் காப்புக்காட்டின் அலையாத்திகளை ஒட்டி இருக்கிறது. ஏறக்குறைய 62 எக்டர். 1991இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா முறையில், குப்பைக்குள் காற்று போகும்படி குழாய்கள் வைத்து மேம்படுத்தினார்கள். 2001இல் குப்பையிலிருந்து வடியும் கறுப்புச் சாற்றைத் திரும்பச் சுற்றவிடும் ஏற்பாடும் வந்தது. தொழில்நுட்பத்தில் அக்கறை காட்டியிருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் குப்பையின் அளவு எந்தத் தொழில்நுட்பத்துக்கும் காத்திருக்கவில்லை. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்தது. வாரக்கணக்கில் புகை. அருகிலிருந்த பள்ளிகளை மூடினார்கள்.

வாயிலில் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியே சாலையில் நின்றோம். செம்பனை மரங்களுக்கு மேலே மேடு தெரிந்தது, மேலே பருந்துகளும் கொக்குகளும். நாற்றம் காற்றோடு அலையலையாக வந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை, அடுத்த கணம் தொண்டையைப் பிடித்தது. சின்னம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேட்டைப் பார்த்தபடி நின்றார். "என் வீட்டுக் குப்ப நாத்தமும் இதுலதானே இருக்கு" என்றார்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மாரியம்மன் கோயில். லயங்கள் போய்விட்டன, கோயில் மட்டும் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் வெளியூர்களிலிருந்து வந்து கூடுவார்களாம். விளக்கேற்ற வந்திருந்த வயதான தம்பதி எங்களை உட்காரவைத்து, சர்க்கரைப் பொங்கலை வாழை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். தீப்பிடித்த நாட்களைக் கேட்டேன்.

"கண்ணு எரிஞ்சிச்சும்மா. பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மகன் வீட்டுக்குப் போனோம்" என்றார் அந்த அம்மா. அவருடைய கணவர் குறுக்கிட்டார். "நாம போக மகன் வீடு இருந்துச்சு. தோட்டத்துல வேல செய்ற வங்காளப் பசங்க எங்க போவாங்க? அவனுங்க அங்கயேதான் கெடந்தானுங்க."

அடுத்து சுங்கை செனாம். பினாங்கு கடலோர மீனவர் நலச் சங்கத்துக்காரர்கள் 1997 முதல் இந்தப் பக்கம் அலையாத்திக் கன்றுகள் நட்டு வருகிறார்கள். அரசு சொல்லித் தொடங்கியதல்ல. மீன் குறைந்தது, காடு போனதுதான் காரணம் என்று தாங்களே கண்டுகொண்டு தொடங்கியது. சுனாமிக்கு ஏழு ஆண்டுகள் முன்பே! வெள்ளிக்கிழமை என்பதால் படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. தொழுகை முடிந்து வந்த இளைஞர் ஒருவர் பலகை நடைபாதையில் கூட்டிப்போனார். சேற்றில் சிவப்பு நண்டுகள், குச்சி குச்சியாக மேலே நீட்டிய வேர்கள். பிச்சாவரம் தெரிந்த எனக்கு எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தது. கிடங்கிலிருந்து கருப்புத் தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். பெருமழைக்குப் பிறகு நண்டு வலையைக் கொஞ்ச நாள் இந்தப் பக்கம் போடமாட்டோம் என்றார். வேறு எங்கே போடுவீர்கள் என்றதற்குத் தோளைக் குலுக்கினார்.

திரும்பும்போது காரிலேயே கணினியைத் திறந்து திங்கட்கிழமை போட்ட வட்டத்தை எடுத்தேன். அதில் இன்று பார்த்தவற்றைக் குறித்தேன். நண்டு வலை போடும் வாய்க்கால்கள். தோட்டத் தொழிலாளர் கொட்டகை. ஊரார் வந்து கூடும் கோயில். பள்ளிகள். பச்சையாக இருந்த இடத்தில் இப்போது சும்மா கிடக்கும் இடமே இல்லை. சுங்கைப் பட்டாணி ஆசிரியருக்கு அப்படியே அனுப்பிவைத்தேன். "இதத்தான் கேட்டேன்" என்று ஒரு வரி பதில்.

இரவு பினாங்கு சாலையில் சென்டோல், 5 வெள்ளி. காய்ச்சலுக்கு ஐஸ் கூடாது என்று சின்னம்மா திட்டிக்கொண்டே பாதியை அவர் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

கிளம்பும் நாள். காலை இட்லி, தேங்காய்ச் சட்னி, நெத்திலிச் சம்பல். சாப்பிடும்போது சின்னம்மா ஒரு கேள்வி கேட்டார். புதன்கிழமையிலிருந்து அவர் மனதில் இருந்திருக்க வேண்டும்.

"நீ சொல்றதெல்லாம் சரிதான். ஆனா அந்த ரயில் வந்தா எனக்கு நல்லதுதானே? மூட்டு வலிய வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு முக்கா மணி நேரம் நிக்கிறேன். அதுவும் வேணாம்னா எப்படி?"

நல்லதுதான் என்றேன். சின்னம்மாவுக்கு ரயில் வேண்டும். தம்பி இரவு வேலை முடிந்து தூங்கி விழுந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வரக்கூடாது, அதற்கும் ரயில் வேண்டும். நான் கேட்பது ரயில் வேண்டுமா என்பதை அல்ல. அந்தத் தெலுக் கும்பார் பெரியவரிடம், முடிவெடுப்பதற்கு முன்னால், தாளைக் கொடுத்து உன் கடலை வரைந்து காட்டு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் தீவு வேறு இடத்தில் வந்திருக்கலாம், சிறியதாக இருந்திருக்கலாம், வராமலே போயிருக்கலாம். மூன்றும் நடக்கக்கூடியவைதான். 2021இல் வாரியம் ரத்து செய்ததே, அது நடந்ததுதானே.

"அப்ப அவரக் கேட்டுட்டு ரயில் விடச் சொல்லு" என்று சின்னம்மா முடித்துவிட்டு, தட்டில் இன்னொரு இட்லி வைத்தார்.

அடுத்த பருவத்தில் மாணவர்களை நாகையின் மீனவர் ஊர்களான அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் அனுப்பப்போகிறேன். வீடுகளைக் குறிக்க வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிறது. ஆண்கள் எங்கே வலை போடுகிறார்கள், பெண்கள் எங்கே மீன் காயவைக்கிறார்கள், ஏலம் எங்கே, ஐஸ் எங்கிருந்து வருகிறது, மழைக்காலத்தில் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று அவர்களையே வரையச் சொல்ல வேண்டும். அதன் மேல்தான் ஆலைகளையும் துறைமுகத்தையும் போட்டுப் பார்க்கப்போகிறோம். காரைக்கால், கடலூர்ப் பக்கம் யாராவது இப்படி வரைந்து வைத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். அளவுகோல் ஒன்றாக இருந்தால் சேர்த்து ஒட்டிப் பார்க்கலாம்.